காற்றுக்குப் பட்டா இல்லை

அக்டோபர் 14, திங்கள்

பல் துலக்கி முடிப்பதற்குள் லேத் பட்டறை விசாலாட்சி அக்காவின் போன்.

"ஏங்கண்ணு கலாமணி, உம்பட பொட்டி செத்துப்போச்சாட்ட. டிராயிங்கு ஒண்ணும் தொறக்க மாட்டீங்குது. மிசினு நிக்குது, ஆளுக நிக்கறாங்க, நானும் நிக்கறேன்."

பட்டறைக்கு ஓடினேன். சர்வர் உயிரோடுதான் இருந்தது. விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, இணைப்பு மட்டும் இல்லை. வயர்லெஸ் கார்டை நிறுத்திப் போட்டதும் வந்தது. ஒரு டீ குடிப்பதற்குள் மறுபடி போனது. போட்டால் வருகிறது, திரும்பினால் போகிறது. என்னிடமே விளையாட்டா?

கோளாறு வந்தால் முதலில் எழுதி வை என்பது நான் மில்லில் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இருந்தபோது பழகியது. அதனால் எண்ணெய்க் கடையில் கொடுத்த இந்த டைரியை எடுத்திருக்கிறேன். எழுதுவதென்றால் முதலிலிருந்து எழுத வேண்டும்.

வீடு தெருப் பக்கம். பட்டறை பின்னால். நடுவில் ஒரு சந்து. எல்லா வினையும் அந்தச் சந்தில் இருக்கிறது. பெரியப்பா இருந்தவரை அது பொதுச் சந்து. அவர் போனபிறகு அவர் மகன் சென்னியப்பன் அண்ணன், சந்து தன் பாகம் என்றார். அப்பா கோர்ட்டுக்குப் போனார். கேஸ் நடக்கிறது, நடக்கும். பங்காளிகள் பேச்சுவார்த்தை நின்று எவ்வளவோ காலமாகிவிட்டது. ஒரே சந்தில் எதிரும் புதிருமாக வந்தால் இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

பட்டறையில் சர்வர் வைத்தபோது, வீட்டு ரூட்டரிலிருந்து சந்தின் மேலாக ஒயர் இழுத்தேன். மறுநாள் காலையில் அது வெட்டப்பட்டு, அழகாகச் சுருட்டி, எங்கள் கேட்டில் மாட்டியிருந்தது. மரியாதையான மனிதர்தான். நானும் சும்மா விடவில்லை. சந்து முனையில் டீக்கு நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்: "ஒயரத்தானுங்கண்ணா வெட்டுவீங்க. காத்துல போறதை எப்பிடி வெட்டுவீங்க? காத்துக்குப் பட்டா இருக்குதுங்களா?"

அன்றே வயர்லெஸ் கார்டு வாங்கி மாட்டினேன். பட்டறை வென்டிலேட்டரில், வீட்டைப் பார்த்தபடி இரண்டு கொம்புள்ள ஆண்டெனா. இத்தனை நாள் ஒரு குறையும் இல்லை. ஆவாரம்பாளையம் சுற்றுவட்டத்து லேத் பட்டறைகள் தங்கள் டிராயிங்கை எல்லாம் என் சர்வரில்தான் வைத்திருக்கின்றன. மிஷின் பக்கத்தில் நின்று போனில் திறந்து பார்த்து வேலை செய்கிறார்கள். அதில் வருவதில்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. எல்லாப் பட்டறைக்கும் ஓய்வு என்பதால் நானும் சர்வரை நிறுத்தினேன். சனிக்கிழமை பூஜை எடுத்ததும் திரும்பப் போட்டேன். நன்றாக ஓடியது. நேற்று மழை. இன்று இந்தக் கூத்து.

அக்டோபர் 15, செவ்வாய்

கார்டு சும்மா இருக்கும்போது தூங்கப் போகும் வசதி ஒன்று உண்டு, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க. அதை அணைத்தேன். கார்டை ஓட்டும் டிரைவரையும் பழைய பதிப்புக்கு மாற்றினேன். மத்தியானம் வரை ஓடியது. நான்தான் கெட்டிக்காரி என்று நினைத்துச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தூறல் விழுந்தது. போச்சு.

அப்பா பட்டறையில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் தன் வைஸ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து என்றால் ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்கே லேத்துக்காரர். முட்டி போனதும் லேத்துகளை விற்றுவிட்டார். பகலெல்லாம் இந்த நாற்காலிதான். வருகிறவர்கள் "அம்மிணி என்னங்க பண்ணுது?" என்று கேட்டால், "என்ன பண்ணுது, சும்மா பொட்டிய வெச்சுட்டு ஒக்காந்திருக்குது" என்பார். நான் பக்கத்திலேயே இருந்தாலும் அதேதான்.

சர்வர் வைத்த முதல் வருஷம், ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, "இதுக்கும் ஒரு பொட்டு வையுங்கப்பா" என்றேன். "இதென்ன தொழிலா? டிவிக்கெல்லாம் ஆராச்சும் பொட்டு வெப்பாங்களா?" என்றார். அதன் பிறகு நான் கேட்பதில்லை. பூஜை அன்று சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் சுண்டல் தாளிக்கப் போய்விடுவேன். இந்த வருஷமும் அப்படித்தான். கேட்டு வாங்குகிற மரியாதை எனக்கு வேண்டாம்.

பூஜை அன்றிலிருந்து அவருக்கு முட்டிவலி அதிகம். ஏன் என்று கேட்டால், "மழைக்காலம்ல" என்கிறார்.

அக்டோபர் 17, வியாழன்

ரூட்டரின் சேனலை மாற்றினேன். ரூட்டரை ஜன்னலுக்கு நகர்த்தினேன். அரிசி டிரம்மின் மேல் தூக்கி வைத்தேன். இறக்கினேன்.

மழைக்கும் இதற்கும் ஏதோ ஒப்பந்தம் இருக்கிறது. வெயில் அடித்தால் ஓடுகிறது, ஈரம் பட்டால் சாகிறது. கம்பெனி உதவி எண்ணைக் கூப்பிட்டால் ஒரு பையன் "கார்டை ஒருமுறை கழற்றி மாட்டுங்க மேடம்" என்கிறான். கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி அதன் பல்லே தேய்ந்துவிட்டது தம்பி.

அக்டோபர் 18, வெள்ளி

வெயில். ஒரு பிசிறும் இல்லை. கடவுள் இருக்கிறார்.

அக்டோபர் 20, ஞாயிறு

மழை. கடவுள் லீவு.

விசாலாட்சி அக்கா நேரிலேயே வந்துவிட்டார். எனக்கு முதலில் வேலை கொடுத்தவர் அவர்தான். அவர் சொல்லித்தான் மற்ற பட்டறைக்காரர்களும் வந்தார்கள்.

"தப்பா நெனச்சுக்காத கண்ணு. எம்பட ஆளுக டிராயிங்கு இல்லாம மனசுல இருக்கற அளவுக்குக் கடைஞ்சு போட்டு, ஒரு லோடு பீஸ் ரிஜெக்ட்டு. தீவாளி லீவு முடிஞ்சு நாலாந்தேதி பட்டறை தொறக்கறோம். அன்னைக்கும் இப்பிடியேன்னா நான் டவுன் கம்பெனிக்குப் போயிருவேன்."

"சரிங்கக்கா."

"ஒரு ஒயர இழுத்தாத் தீந்துருமில்ல? சென்னியப்பங்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்."

"அது மட்டும் ஆகாதுங்கக்கா."

"அப்பப் பொட்டியத் தூக்கி வீட்டுக்குள்ள வெய்யி."

இதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். சர்வரை வீட்டுக்குள் தூக்கினால் பட்டறை காலி. பூட்டிய பட்டறையைக் காட்டி, "தொழில் இல்லாமச் சும்மாதான கெடக்குது, இவங்களுக்குச் சந்து எதுக்கு?" என்று கோர்ட்டில் சொல்ல எதிர்த்தரப்புக்கு ஒரு நாள் போதும். பட்டறையில் என்னுடைய விளக்கு எரிகிற வரை அது நடக்கிற பட்டறை. அப்பா உட்கார்ந்திருக்கும் நாற்காலி அங்கேதான் இருக்கும். நான் நகர்த்த மாட்டேன்.

அக்கா போனால் மற்றவர்களும் பின்னாலேயே போவார்கள். அது எனக்குத் தெரியாமல் இல்லை. நாலாம் தேதிக்குள் இதைச் சரி செய்கிறேன். இல்லாவிட்டால் என் பேர் கலாமணி இல்லை.

அக்டோபர் 23, புதன்

புதுக் கார்டு வந்தது. பழையதைக் கழற்றி, புதியதைச் சொருகி, வென்டிலேட்டரிலிருந்து இறங்கும் ஆண்டெனா ஒயரை அதன் முதுகில் திருகினேன். பெட்டிக்குள் இரண்டு குட்டி ஆண்டெனாவும் இருந்தன. விரல் நீளம்தான். மேலே இருக்கும் பெரிய கொம்புகளுக்கு முன்னால் இவை எந்த மூலைக்கு? மேஜை டிராயரில் போட்டேன்.

சீறிக்கொண்டு ஓடுகிறது. அக்காவுக்குப் போன் போட்டு, "கார்டுதாங்கக்கா கெட்டிருந்தது" என்று பெருமையாகச் சொன்னேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அக்டோபர் 24, வியாழன்

அந்தக் கடைசி வரியை நேற்றே எழுதியது என் உள்மனசு. சாயங்காலம் மழை. புதுக் கார்டும் போச்சு.

இரண்டு கார்டும் ஒன்றுபோலக் கெடாது. ஆகவே கார்டு நிரபராதி. சர்வர் நிரபராதி. ரூட்டரை அடுத்த தெரு ரத்னா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்தேன், அங்கே மழையிலும் நன்றாக ஓடுகிறது. மிச்சம் இருப்பது நடுவில் உள்ள சந்து. சந்தில் புதிதாக என்ன வந்தது?

தகரம்! பூஜைக்கு முந்தின வாரம்தான் சென்னியப்பன் அண்ணன் தன் ஷெட்டுக்குச் சந்துப் பக்கமாக உயரத் தகரம் அடித்தார். ஈரத் தகரம் சிக்னலைத் திருப்பி அடிக்கும். மழைக் கணக்கும் பொருந்துகிறது. ஒயரை வெட்டியவருக்குக் காற்றை வெட்டவும் வழி தெரிந்துவிட்டது.

அக்டோபர் 26, சனி

கேட்டேவிட்டேன்.

காலை டீ நேரம். சந்து முனையில் நாலு பட்டறை ஆட்கள் நின்றிருந்தார்கள். அண்ணன் கிளாஸும் கையுமாக நின்றார். அப்பா பட்டறை வாசலுக்குள் நாற்காலியில்.

"தகரம் எதுக்குங்கண்ணா அடிச்சீங்க?" என்றேன்.

"மழச் சாரல் அடிக்குது அம்மிணி. மிசினு துருப்புடிக்குதுல்ல."

"எம்பட சிக்னலை மறிக்கத்தான அடிச்சீங்க?"

அவர் டீயை ஒரு வாய் குடித்தார். அவசரமே இல்லை. "காத்துக்குப் பட்டா இல்லைன்னு நீதான அம்மிணி சொன்னே? இப்ப எங்கிட்ட வந்து காத்தக் காணோம்ங்கற. நான் என்ன மடியிலயா கட்டி வெச்சிருக்கேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். டீ மாஸ்டர்கூட. எனக்கு எது பொறுத்தாலும் நாலு பேர் சிரிப்பது மட்டும் பொறுக்காது. மில்லில் ஒரு பொம்பளை கம்ப்யூட்டரைத் திறந்து வேலை பார்க்கிறாள் என்று முதல் நாள் சிரித்தார்களே, அதற்கு ஆறு மாதம் யாரோடும் பேசாமல் வேலை பார்த்துக் காட்டியவள் நான்.

"தகரத்தக் கழட்டிப் பாருங்க. அப்பத் தெரியும் ஆருன்னு" என்றேன்.

"கழட்டறேன். கழட்டியும் வரலீன்னா?"

"வரலீன்னா இதே எடத்துல, இதே ஆளுக முன்னால, தப்பு உங்களுது இல்லீங்கன்னு சொல்றேன். வந்துச்சுன்னா இந்தப் பக்கம் இனித் தகரமே ஏறக்கூடாது."

"ஆகட்டும்" என்று கிளாஸை வைத்தார்.

உள்ளே வந்தேன். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "கொரலு உங்கம்மா கொரலு" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் தகரத்தைக் கழற்றிவிட்டார். ஒரு தகரம் விடாமல். சாயங்காலம் மழை.

போச்சு.

அக்டோபர் 29, செவ்வாய்

இரண்டு நாளாகச் சந்து முனைப் பக்கம் போகவில்லை. பாலுக்குக்கூடச் சுற்றிப் பெரிய ரோட்டில் போய் வருகிறேன். பயமா? பயமில்லை. கோளாறு இன்னது என்று தெரிந்துகொண்டு போய்ச் சொல்வேன். வெறும் கையோடு போக மாட்டேன்.

அண்ணன் ஷெட்டில் சாரல் அடித்து மிஷின் நனைகிறது. மேலே படுதாவைப் போட்டிருக்கிறார். தகரத்தைத் திரும்ப மாட்டவில்லை. நான் வந்து சொல்லட்டும் என்று இருக்கிறார். அந்தப் படுதா காற்றில் படபடவென்று அடிக்கும் சத்தம் இங்கே வரை கேட்கிறது.

அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "ஏன் அம்மிணி, மேல அந்தக் கொம்பு இருக்குதல்ல, அது லூசா கீசா..."

"அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்கப்பா. அது வெறும் கம்பி."

"இல்ல, நல்லா இறுக்கமாத்தான் இருக்கோணும். சந்தேகமே இல்ல. ஆனாலும்..."

"உங்களுக்கென்னங்கப்பா! உங்களுக்கு இது பொட்டி. போனாப் போகட்டும்னு இருப்பீங்க. எனக்கு இதுதான் சோறு."

சுருக்கென்று சொல்லிவிட்டேன். அவர் வைஸின் கைப்பிடியை இறுக்கினார், தளர்த்தினார், இறுக்கினார்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அப்பாவுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். இடது முழங்காலுக்குக் கீழே நீளமாக ஒரு காயம், ஆறிக் கறுத்திருந்தது. "இதெப்பங்கப்பா?" என்றால், "எங்கியோ இடிச்சுக்கிட்டேன்" என்று வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அதிரசம் பிய்ந்துவிட்டது. சர்வர் ஓடுகிறதா என்று இன்று பார்க்கவில்லை. பார்த்தேன். ஓடவில்லை.

நவம்பர் 2, சனி

உட்கார்ந்து எழுத இப்போதுதான் கை ஓய்ந்தது.

நாளை மறுநாள் பட்டறை திறக்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றியாயிற்று. கார்டு, டிரைவர், சேனல், ரூட்டர், தகரம். மாற்றாதது ஒன்றே ஒன்று. டிராயரைத் திறந்தபோது அந்த விரல் நீள ஆண்டெனாக்கள் கண்ணில் பட்டன. சரி, இதையும் ஒரு கை பார்ப்போம் என்று எடுத்தேன். அப்பா மாத்திரை போட்டு வீட்டில் படுத்திருந்தார். மூலையில் இருந்த இரும்பு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். நான் குள்ளம். கீழே நின்றால் ஆண்டெனாவின் நுனி மட்டும்தான் தெரியும். வைத்த நாளுக்குப் பிறகு இன்றுதான் ஏறுகிறேன்.

ஏறியவள் அப்படியே நின்றேன்.

ஆண்டெனாவின் அடித் தட்டில் மூன்று விபூதிக் கோடு. ஒவ்வொரு கொம்பின் காலிலும் சந்தனம், நடுவில் குங்குமம். கொஞ்சம்கூடக் கோணாமல், அளவெடுத்து வைத்ததுபோல. காய்ந்த செவ்வந்திப் பூ ஒன்று ஒயரில் செருகியிருந்தது. சாரலில் குங்குமம் கரைந்து கீழே வழிந்திருந்தது.

ஒரு கொம்பைத் திருகிக் கழற்றினேன். திருகும் மரை முழுக்கக் கிரீஸ். மஞ்சள் கிரீஸ், பேரிங்குக்கு வைப்பதுபோலத் திணித்து வைத்திருக்கிறது. நடுவில் ஊசி உட்காரும் துளைக்குள்ளும் கிரீஸ், அதோடு சந்தனமும் விபூதியும் சேர்ந்து குழம்பு. மறு கொம்பும் அப்படியே. வென்டிலேட்டர் வழியாக வரும் ஈரம் முழுவதையும் அந்தக் குழம்பு குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது. காய்ந்தால் சிக்னலை விடும், நனைந்தால் பிடித்துக்கொள்ளும். மழைக் கணக்கு இப்போதுதான் புரிந்தது.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டாம். மரை கண்ட இடத்தில் கிரீஸ் வைக்காமல் இறுக்கினால் இந்தக் கைக்குத் தூக்கம் வராது. ஆயுத பூஜை அன்று, நான் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தபோது, அந்த முட்டியோடு இந்த ஸ்டூலில் ஏறி, கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து, இறுக்கி, பொட்டும் வைத்திருக்கிறார். இறங்கும்போது சறுக்கிக் காலைக் கிழித்துக்கொண்டிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் தோண்டித் துருவிக் கேட்கவில்லை.

ஸ்டூல் மேலேயே உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். பொட்டு வைப்பதாக இருந்தால் என் கண் முன்னால் வைத்தால் என்ன? இத்தனை வருஷம் காத்திருந்தேனே, என் கண்ணால் பார்த்திருப்பேனே.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஸ்பிரிட்டும் பஞ்சும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்து மரையையும் ஊசியையும் பளிச்சென்று துடைத்தேன். அடித் தட்டில் இருந்த விபூதியைத் தொடவில்லை. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது இதுதான். சென்னியப்பன் அண்ணன் மிஷின் ஒரு வாரமாக நனைகிறது. நான் போய்ச் சொல்லியாக வேண்டும். என்னவென்று சொல்வது? "எங்கப்பா கிரீஸ் போட்டுக் கெடுத்துட்டாரு" என்றா? அப்பாவை வைத்து, அதுவும் அந்தச் சந்து முனையில், நாலு பேர் சிரிப்பதா? என் உயிர் போனாலும் நடக்காது.

நவம்பர் 3, ஞாயிறு

விடியற்காலையிலிருந்து நல்ல மழை. சர்வர் ஒரு நொடி அறுந்திருக்க வேண்டுமே! இல்லை. மழை விட்டதும் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு சந்து முனைக்குப் போனேன்.

அதே ஆட்கள். அதே டீ. அண்ணன் என்னைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"அண்ணா, தப்பு உங்களுது இல்லீங்க. தகரத்து மேல பழி போட்டுட்டேன். உங்க மிசினு நனைஞ்சதுக்கு நாந்தான் காரணம்."

"அப்ப என்னதான் கோளாறு?" என்றார் டீ மாஸ்டர். ஊரில் யாருக்கு வராவிட்டாலும் அவருக்கு இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும்.

"ஆண்டெனா மரையில கிரீஸ் போயிருச்சுங்க. நாந்தான் போட்டேன். கை மறந்து."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "கம்ப்யூட்டருக்கு கிரீஸ் போட்டுச்சாமா!" "எஞ்சின் ஆயில் ஊத்தலியா அம்மிணி?" "இதுகிட்டத்தான் நம்ம டிராயிங்கெல்லாம் இருக்குது, பாத்துக்குங்க!"

நின்றேன். தலையைக் குனியவில்லை. சிரிக்கட்டும், சிரித்து முடிக்கட்டும், நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன் என்று நின்றேன். காது மட்டும் நெருப்பாக எரிந்தது.

பின்னால் பட்டறைக் கதவு கிறீச்சிட்டது. அப்பா. சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாகச் சந்துக்குள் வந்தார். கேஸ் போட்ட நாளிலிருந்து அவர் இந்தச் சந்தைக் கடந்து போவாரே தவிர, இங்கே நின்று நான் பார்த்ததில்லை.

"அம்மிணி போடல. நாந்தான் போட்டேன்" என்றார்.

சிரிப்பு நின்றது.

"அப்பா, நீங்க உள்ள போங்க..."

"நீ சும்மா இரு. ஏண்டா, என்னடா சிரிப்பு? ஆயுத பூசைக்குத் தொழில் சாமானத் தொடச்சுப் பொட்டு வெக்காம விடறதா? அது எம்பட புள்ளையோட தொழில் சாமான்டா. மரைன்னு இருந்தா கிரீஸ் வெக்கோணும். வெச்சேன். தப்புன்னா எங்கிட்டச் சொல்லு. அவளைப் பாத்து எவன்டா சிரிக்கறது?"

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். அவர் பார்த்தது சென்னியப்பன் அண்ணனைத்தான். நேருக்கு நேர். வானத்தை யாரும் பார்க்கவில்லை.

பங்காளிச் சண்டை இன்றைக்கு வீதியில் முடியப்போகிறது என்று நினைத்தேன்.

அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"கிரீஸ் வெக்காம மரைய இறுக்கலாமுங்களா சித்தப்பா?" என்றார். "நானா இருந்தாலும் வெச்சுத்தான் இருப்பேனுங்க."

டீக்கு நின்ற ஆட்களில் ஒருவர், லேத்துக்காரர்தான், "ஆமாமா, வெக்காம எப்பிடி" என்றார். இன்னொருவர் தலையை ஆட்டினார். சற்று முன் சிரித்த வாய்கள்தான். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் அந்தக் கொம்பு இருந்திருந்தால் ஒவ்வொருவரும் கிரீஸ் வைத்திருப்பார்கள். அது அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது.

"அதான" என்றார் அப்பா. சித்தப்பா என்ற சொல் காதில் விழாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். ஆனால் திரும்பிப் போகாமல் நின்றார். டீ மாஸ்டர் கடை ஸ்டூலை எடுத்து வந்து போட, உட்கார்ந்தும்விட்டார்.

தகரத்தை மாட்டும்போது ஒரு முனையை நான் பிடித்தேன். ஏணியின் மேலிருந்து அண்ணன் கேட்டார்: "ஒயரே இழுத்துக்கறயா அம்மிணி? நான் ஒண்ணும் வெட்ட மாட்டேன்."

"வேண்டாங்கண்ணா. காத்துலயே போகட்டும்."

"உம்பட திமிரு இருக்குதே" என்றார். போல்ட்டுக்கு நட்டைத் திருகுமுன் கிரீஸ் டப்பாவைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

கேஸ் வாபஸ் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வாய்தாவுக்கு அப்பா புதுச் சட்டை கேட்டிருக்கிறார்.

நவம்பர் 4, திங்கள்

பட்டறைகள் திறந்தன. மழை கொட்டுகிறது. தகரம் இருந்த இடத்தில் இருக்கிறது. எல்லோரும் டிராயிங்கைத் திறந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு அறுப்பு இல்லை.

மத்தியானம் விசாலாட்சி அக்கா போன். "கெரீஸ் கதையக் கேட்டேன் கண்ணு. தெருவெல்லாம் அதேதான் பேச்சு."

"சிரிங்கக்கா. சிரிச்சுட்டு முடிவைச் சொல்லுங்க."

"முடிவென்ன முடிவு. அந்த டவுனுக்காரங்க கொம்புக்குப் பொட்டு வெப்பாங்களா? புது டிராயிங்கு அனுப்பறேன், ஏத்து."

ஏற்றினேன்.

நவம்பர் 5, செவ்வாய்

காலையில் பட்டறைக்குள் போனால் இரும்பு ஸ்டூல் வென்டிலேட்டருக்குக் கீழே கிடக்கிறது. நேற்று அதை மூலையில் போட்டது நான்தான். அப்பா தன் நாற்காலியில் உட்கார்ந்து தினசரியை முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தார்.

"மறுபடியும் ஏறினீங்களாப்பா? இந்த முட்டிய வெச்சுட்டு! ஒரு நாளைக்கு விழுந்து வெக்கத்தான் போறீங்க!" என்று ஒரு பாட்டம் திட்டினேன். பேப்பர் அசையவில்லை.

நான் ஏறிப் பார்த்தேன். புதுச் சந்தனம், புதுக் குங்குமம். ஒரு கொம்பைத் திருகிக் கழற்றினேன்.

மரையில் கிரீஸ் இல்லை.